ரெண்டு ஆஃபரும் கையில இருக்கு, எதை எடுக்கறது?

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல முக்கால்வாசி ஒரே விஷயம் தான், என்யூஎஸ்ஸா என்டியூவா, அதாவது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமா நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமா. ஏ லெவல் ரிசல்ட் வந்து, அப்ளிகேஷன் போட்டு, இப்ப ஆஃபர் லெட்டர் ஒவ்வொண்ணா வந்துட்டிருக்கற நேரம். அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டு இதை மட்டும் பேசிடலாம். ரொம்ப வருஷம் ஜேசில, அதாவது ஜூனியர் காலேஜ்ல பாடம் எடுத்தவ நான், ஏப்ரல் மே வந்தா எத்தனை வீட்ல சாப்பாட்டு மேசையில சண்டை நடக்கும்னு எனக்கு நல்லா தெரியும்.

*

கேள்வி: வணக்கம் டீச்சர். என் பொண்ணு செகண்டரி த்ரீலேர்ந்தே மீடியா, கம்யூனிகேஷன்னு சொல்லிட்டிருக்கா. இப்ப என்டியூல வீ கிம் வீ கம்யூனிகேஷன் ஸ்கூல்ல இடம் கிடைச்சிருக்கு, என்யூஎஸ்லயும் சிஎச்எஸ்ல கிடைச்சிருக்கு, அங்க போனாலும் கம்யூனிகேஷன்ஸ் அண்ட் நியூ மீடியா எடுக்கலாமாம். என் வீட்டுக்காரரும் அவங்க அண்ணனும் என்யூஎஸ் தான்னு ஒரே பிடிவாதம். உலகத்துல 8வது இடம், அதை விட்டுட்டு யாராவது ஜூரோங் கடைசிக்கு போவாங்களான்னு கேக்கறாங்க. பொண்ணு சரியா சாப்பிடறது கூட இல்ல. நான் என்ன சொல்றது?
ஒரு அம்மா, தெம்பனிஸ்

பதில்: அம்மா, முதல்ல அந்த 8ஐ பாத்துடலாம், உங்க வீட்டு சண்டையே அந்த நம்பர்ல தான் ஆரம்பிக்குது. பெரியப்பா சொல்றது உண்மை தான், க்யூஎஸ்னு ஒரு நிறுவனம் வருஷா வருஷம் போடற உலகத் தரவரிசையில, 2026 பட்டியல்ல என்யூஎஸ் 8வது. அதே பட்டியல்ல என்டியூ 12வது. இன்னும் கொஞ்சம் பின்னாடி போனா 2023 பட்டியல்ல என்டியூ 19, 2024ல 26, 2025ல 15, அப்பறம் தான் இந்த 12. நாலு பட்டியலுக்குள்ள ஒரு யூனிவர்சிட்டி 19லேர்ந்து 26க்கு இறங்கி 12க்கு ஏறுது. அங்க பாடம் எடுக்கறவங்க ஒரு வருஷம் சுமாராகி அடுத்த வருஷம் பிரமாதமாயிட்டாங்களா என்ன? 2024 பட்டியலுக்கு க்யூஎஸ் கணக்கு போடற முறையவே மாத்தினாங்க. உலகம் பூரா பேராசிரியர்கள்கிட்ட கருத்து கேட்டு போடற மார்க்குக்கு அதுவரைக்கும் 40 சதவீதம் இருந்துச்சு, அதை 30 ஆக்கினாங்க, கம்பெனிக்காரங்க கருத்துக்கு 10ஐ 15 ஆக்கினாங்க, ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்ங்கற கணக்கு 20லேர்ந்து 10க்கு வந்துச்சு, இன்னும் சில புது விஷயங்களை சேத்தாங்க. இதுல எதுவுமே உங்க பொண்ணு உக்காரப் போற வகுப்புல என்ன நடக்குதுன்னு பாக்கல. மொத்த யூனிவர்சிட்டிக்கும் சேத்து ஒரு நம்பர், மருத்துவம், இன்ஜினியரிங் ஆராய்ச்சி எல்லாம் அதுக்குள்ள கலந்திருக்கு. 8க்கும் 12க்கும் நடுவுல இருக்கற அந்த நாலு இடத்துக்காக ஒரு பொண்ணு அஞ்சு வருஷமா ஆசைப்பட்ட படிப்பை மாத்தறது நியாயமே இல்ல, இதை உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் சொன்னதாவே சொல்லுங்க.

அதுக்காக என்டியூ தான் எடுக்கணும்னு நான் சொல்ல வரல. ரெண்டு படிப்பும் கம்யூனிகேஷன்னு பேர் வச்சிருந்தாலும் உள்ள போற வழி வேற. வீ கிம் வீ 1992லேர்ந்து தனி ஸ்கூலா இருக்கு. எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் பொதுவான பாடங்கள் என்டியூலயும் உண்டு தான், ஆனா முதல் வருஷத்துலேர்ந்தே உங்க பொண்ணு கம்யூனிகேஷன் ஸ்டூடண்ட், எழுத்து, வீடியோ, செய்தி, விளம்பரம்னு கைவேலை நிறைய இருக்கும். நன்யாங் கிரானிக்கிள்னு மாணவர்களே நடத்தற பத்திரிகை இருக்கு, படிப்போட பாகமா இன்டர்ன்ஷிப் இருக்கு, கூட படிக்கறவங்க எல்லாருமே அதே துறைக்கு போகப் போறவங்க, அந்த நட்பு பின்னாடி வேலையில ரொம்ப உதவும். என்யூஎஸ்ல சிஎச்எஸ்ங்கறது கலையையும் அறிவியலையும் சேத்து 2021ல ஆரம்பிச்ச காலேஜ். அதுல மொத்த படிப்புல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு எல்லாருக்கும் பொதுவான பாடம், எழுத்து, டேட்டா, அறிவியல், ஆசியாவைப் பத்தின பாடம்னு போகும், அதுக்கப்பறம் தான் மேஜர். கம்யூனிகேஷனோட கூட சைக்காலஜியோ பொலிட்டிகல் சயின்ஸோ ரெண்டாவது மேஜரா சேத்துக்கறது அங்க ரொம்ப சகஜம்.

இப்ப உங்க பொண்ணுகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. மீடியான்னு நீ சொல்றப்ப உன் மனசுல வர்ற வேலை எதுமா? கேமராவை தூக்கிட்டு போறது, நியூஸ் எழுதறது, கேம்பெயின் பண்றதுன்னு டக்குனு பதில் வந்துச்சுன்னா வீ கிம் வீ. சமூகம் எப்படி மாறுது, ஜனங்க எப்படி முடிவெடுக்கறாங்கன்னு படிக்கப் பிடிக்குது, இன்னும் முழுசா முடிவு பண்ணல, வேற பாடமும் தொட்டு பாக்கணும்னு சொன்னா சிஎச்எஸ் அவளுக்கு இடம் குடுக்கும். ரெண்டு படிப்போட பாடப் பட்டியலையும் முதல் ரெண்டு வருஷத்துக்கு மட்டும் எடுத்து வச்சு பேரை வாசிக்க சொல்லுங்க. எதை வாசிக்கறப்ப பொண்ணு முகம் மாறுதுன்னு அம்மா உங்களுக்கு தெரியும். ஓப்பன் ஹவுஸ் முடிஞ்சு போச்சு, பரவால்ல, வேலை நாள்ல ஒரு நாள் ரெண்டு கேம்பஸுக்கும் சும்மா போய் நடந்துட்டு கேன்டீன்ல சாப்பிட்டுட்டு வரட்டும், கூட நீங்களும் போங்க, முடிஞ்சா வீட்டுக்காரரையும் இழுத்துட்டு போங்க.

சம்பளம் பத்தி பெரியப்பா கேப்பார். அதுக்கு வருஷா வருஷம் யூனிவர்சிட்டிங்க சேந்து வெளியிடற பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வு இருக்கு, கல்வி அமைச்சு தளத்துல எல்லாருக்கும் கிடைக்கும். அதுல யூனிவர்சிட்டி பேரை பாக்காதீங்க, கோர்ஸ் பேர் இருக்கற வரிசைய பாருங்க. முழுநேர நிரந்தர வேலை எத்தனை சதவீதம் பேருக்குன்னு ஒரு கட்டம், நடு சம்பளம் ஒரு கட்டம். சராசரிய விட நடு சம்பளத்தை பாருங்க, நாலு பேர் பெரிய சம்பளம் வாங்கினாலே சராசரி ஏறிடும். ஒரு வருஷ நம்பரை வச்சு முடிவு பண்ணாம மூணு நாலு வருஷத்தை பக்கத்துல வச்சு பாத்தீங்கன்னா, ஒரே யூனிவர்சிட்டிக்குள்ள கோர்ஸுக்கு கோர்ஸ் இருக்கற வித்தியாசம், ரெண்டு யூனிவர்சிட்டியிலயும் இருக்கற ஒரே கோர்ஸுக்கு நடுவுல இருக்கற வித்தியாசத்தை விட பெருசா இருக்கறது உங்களுக்கே தெரியும். பேருக்கு சண்டை போடறவங்க கவனிக்காத விஷயம் இது.

தூரத்தை மட்டும் லேசா எடுத்துக்காதீங்க. தெம்பனிஸ்லேர்ந்து பயனியர் வரைக்கும் கிழக்கு மேற்கு பாதையில கிட்டத்தட்ட ஒரு கோடியிலேர்ந்து இன்னொரு கோடி, இறங்கி பஸ் வேற, ஒரு பக்கமே ஒன்றரை மணி நேரம் ஆயிடும். இதை பத்தி கீழ ஒரு தம்பிக்கு விவரமா சொல்லிருக்கேன், அதையும் படிங்க.

*

கேள்வி: டீச்சர், ஐஜிபின்னு யூனிவர்சிட்டிங்க போடற மார்க் பட்டியல்ல எந்த கோர்ஸுக்கு அதிக மார்க் கேக்கறாங்களோ அது தானே நல்ல கோர்ஸ்? அப்படி பாத்து எடுத்தா தப்பா? அப்பறம் எனக்கு 70க்கு கணக்கு வருது, அண்ணன் காலத்து பட்டியல்ல 80க்கு மேல எல்லாம் போட்டிருக்கு, குழப்பமா இருக்கு.
ஜேசி மாணவி, புக்கிட் பாத்தோக்

பதில்: குழப்பம் உன் பக்கம் இல்லம்மா. 2026 சேர்க்கையிலேர்ந்து ஏ லெவல் புள்ளி மொத்தம் 70 தான், முன்னாடி 90. ப்ராஜெக்ட் வொர்க் இப்ப பாஸ் ஃபெயில் மட்டும். நாலாவது பாடத்தையும் தாய்மொழியையும் உன் புள்ளிய உயர்த்தினா மட்டும் தான் சேப்பாங்க, அதனால நீ தமிழ்ல வாங்கின கிரேடு உனக்கு நல்லது பண்ணும், கெடுதல் பண்ணாது. அண்ணன் பட்டியலை மூடி வச்சுடு.

ஐஜிபி சொல்றது போன தடவை உள்ள வந்தவங்க மார்க் எந்த அளவுல இருந்துச்சுன்னு மட்டும் தான். இடம் கம்மி, ஆள் அதிகம்னா அது ஏறும். பல் மருத்துவம் என்யூஎஸ்ல மட்டும் தான் இருக்கு, அதுக்கு மார்க் அதிகம், அதுக்காக பல்லை பாக்கவே பிடிக்காத பொண்ணு போய் சேர முடியுமா? மார்க் மிச்சமாகுதேன்னு அதை செலவழிக்க ஒரு கோர்ஸ் தேடாதே.

*

கேள்வி: வணக்கம். நான் பாதுகாவல் அதிகாரியா வேலை பாக்கறேன், மனைவி பாலர் பள்ளியில உதவியாளர். பையனுக்கு ரெண்டுலயும் இடம் கிடைச்சிருக்கு. எது செலவு கம்மின்னு சொன்னா அதையே எடுத்துக்க சொல்லிடுவேன். என் சிபிஎஃப் சேமிப்புலேர்ந்து எடுக்கலாமா?
ஒரு அப்பா, உட்லண்ட்ஸ்

பதில்: ஐயா, ஃபீஸை வச்சு முடிவு பண்ண வேண்டிய அவசியமே இல்ல, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு தான். சிங்கப்பூர் குடிமக்களுக்கு அரசாங்க மானியம் போக பெரும்பாலான கோர்ஸ் வருஷத்துக்கு 8,000லேர்ந்து 10,000 வெள்ளிக்குள்ள வரும், மருத்துவம் மாதிரி சிலது தான் ரொம்ப அதிகம். அதனால பையன் ஆசைப்பட்டதை எடுக்கட்டும், பணத்துக்கு வழி இருக்கு.

கடன் வாங்கறதுக்கு முன்னாடி பர்ஸரிக்கு போடுங்க. கல்வி அமைச்சு பர்ஸரி குடும்ப வருமானத்தை தலைக்கு எவ்வளவுன்னு பாத்து குடுக்கறாங்க, திருப்பி கட்ட வேண்டாம். இந்திய சமூகத்துக்கான சிண்டா அமைப்பும் நம்ம பிள்ளைங்களுக்கு பர்ஸரி குடுக்குது, யூனிவர்சிட்டிங்க கிட்டயும் தனியா நிதி இருக்கு. நம்ம ஆளுங்க நிறைய பேர் கேக்க கூச்சப்பட்டே விட்டுடறாங்க, தயவு செஞ்சு அப்படி விடாதீங்க, உங்க சம்பளத்துலேர்ந்து மாசா மாசம் சிண்டாவுக்கு போறது இதுக்கு தான்.

அதுக்கு மேலயும் தேவைப்பட்டா ரெண்டு வழி. ஒண்ணு ட்யூஷன் ஃபீ லோன், கட்ட வேண்டிய ஃபீஸ்ல 90 சதவீதம் வரைக்கும் கிடைக்கும், படிச்சு முடிக்கற வரைக்கும் வட்டி கிடையாது, ஜாமீன்தாரர் ஒருத்தர் வேணும். இன்னொண்ணு உங்க சிபிஎஃப் சாதாரணக் கணக்கு. இதுல பையன் படிச்சு முடிச்சு ஒரு வருஷம் கழிச்சு உங்க கணக்குக்கு ரொக்கமா திருப்பி கட்ட ஆரம்பிக்கணும், ஆனா 2.5 சதவீத வட்டி எடுத்த நாள்லேர்ந்தே ஏறிட்டிருக்கும். அது போக அந்த பணம் தான் உங்க வீட்டு தவணைக்கும் வயசான காலத்துக்கும். ட்யூஷன் ஃபீ லோனுக்கு வட்டி இல்லாத நாலு வருஷம் இருக்கறப்ப சிபிஎஃப்ப முதல்ல தொடாதீங்கன்னு தான் நான் சொல்வேன். பையன் கட்டட்டும், அவன் பேர்ல இருக்கட்டும், பொறுப்பு வரும்.

ஒரு இடத்துல ஸ்காலர்ஷிப் கிடைச்சு இன்னொரு இடத்துல இல்லன்னா கணக்கு மாறும். அப்பவும் லெட்டரை முழுசா படிங்க, எவ்வளவு ஜிபிஏ விடாம வச்சிருக்கணும், படிச்சு முடிச்சு இத்தனை வருஷம் வேலை பாக்கணும்ங்கற பாண்டு இருக்கான்னு. கஷ்டமான கோர்ஸ்ல முதல் வருஷம் எல்லாருக்குமே தடுமாறும், அந்த நேரத்துல ஸ்காலர்ஷிப் போயிடுமோங்கற பயமும் சேந்தா பிள்ளைங்க ரொம்ப உடைஞ்சு போறாங்க, நான் பாத்திருக்கேன்.

*

கேள்வி: மேடம், நாங்க சென்னையிலேர்ந்து வந்தவங்க, நான் இ பாஸ் வேலை அனுமதியில இருக்கேன். பொண்ணு இங்க தான் படிச்சா. ட்யூஷன் கிராண்ட்ங்கற ஃபீஸ் மானியம் வாங்கினா பாண்டுன்னு சொல்றாங்க. எந்த யூனிவர்சிட்டியில பாண்டு கம்மி?
ஒரு வாசகர், செங்காங்

பதில்: ரெண்டுலயும் ஒண்ணு தான் சார், அது கல்வி அமைச்சோட ஒப்பந்தம், யூனிவர்சிட்டியோடது இல்ல. வெளிநாட்டு மாணவர் கிராண்ட் வாங்கினா படிப்பு முடிஞ்சு 3 வருஷம் சிங்கப்பூர் நிறுவனத்துல வேலை பாக்கணும். மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் விதி வேற, அங்க குடிமக்களுக்கே பாண்டு உண்டு. கிராண்ட் வேண்டாம்னா முழு ஃபீஸ், அது பல மடங்கு. பொண்ணு முடிச்ச உடனே அமெரிக்கா போய் மேல படிக்கணும்னு கனவு வச்சிருந்தா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இதை உக்காந்து பேசிடுங்க. மத்தபடி இங்கயே வேலை பாக்கறதா இருந்தா மூணு வருஷம் ஒரு சுமையே இல்ல.

*

கேள்வி: அம்மா, எனக்கு 78 வயசாகுது. எங்க காலத்துல யூனிவர்சிட்டின்னா புக்கிட் தீமா, சீனவங்களுக்கு நன்டா. இப்ப பேரன் என்டியூ போறேன்னு சொன்னா வீட்ல எல்லாரும் அது ரெண்டாவதுன்னு சொல்றாங்க. இந்த போட்டி எப்ப வந்துச்சு? நன்டா தானே என்டியூ?
ஒரு தாத்தா, பிடோக்

பதில்: ஐயா, உங்க கடிதத்தை படிச்சு ரொம்ப சந்தோஷப்பட்டேன், இந்த கதை இப்ப இருக்கற பிள்ளைங்களுக்கு தெரியவே தெரியாது.

என்யூஎஸ் வேர் 1905ல ஆரம்பிச்ச மருத்துவப் பள்ளி, அப்பறம் 1928ல ராஃபிள்ஸ் காலேஜ். 1949ல ரெண்டும் சேந்து மலாயா பல்கலைக்கழகம் ஆச்சு, 1962ல சிங்கப்பூர் பல்கலைக்கழகம், நீங்க சொல்ற புக்கிட் தீமா அது தான். ஆங்கிலத்துல படிச்சவங்க போன இடம். சீனப் பள்ளியில படிச்ச பிள்ளைங்களுக்கு மேல படிக்க வழியில்லாம இருந்தப்ப ரப்பர் தொழிலதிபர் டான் லார்க் சை முன்னால நின்னு நன்டாவை, அதாவது நன்யாங் பல்கலைக்கழகத்தை கட்டினார். ஹொக்கியன் சங்கம் 500 ஏக்கருக்கு மேல நிலம் குடுத்துச்சு, பணக்காரங்க மட்டும் குடுக்கல, ட்ரைஷா ஓட்டினவங்க ஒரு நாள் கூலிய அப்படியே குடுத்தாங்க. 1956ல வகுப்பு ஆரம்பிச்சுது.

அதே 1950கள்ல நம்ம ஆளுங்களும் இதே மாதிரி ஒரு காரியம் பண்ணாங்க ஐயா, உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். மலாயா பல்கலைக்கழகத்துல இந்திய இயல் துறை வர்றப்ப அதுல தமிழுக்கு உரிய இடம் இருக்கணும்னு தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி போராடினார், தமிழ் எங்கள் உயிர்னு நிதி திரட்டினார், தோட்டத்துலயும் துறைமுகத்துலயும் உழைச்சவங்க தங்களால முடிஞ்சதை குடுத்தாங்க. தான் படிக்காத பள்ளிக்கூடத்துக்கு அடுத்தவன் பிள்ளை படிக்கணும்னு காசு குடுத்தவங்க ரெண்டு பக்கமும் இருந்திருக்காங்க. பேரன்கிட்ட இதை நீங்களே சொல்லுங்க, நான் எழுதறதை விட உங்க வாயால கேட்டா அவன் மறக்க மாட்டான்.

1980ல சிங்கப்பூர் பல்கலைக்கழகத்தையும் நன்டாவையும் சேத்து என்யூஎஸ் ஆக்கினாங்க. நன்டாவுல படிச்சவங்க நிறைய பேருக்கு அது ஆறாத மனவருத்தம். 1981ல அந்த காலி கேம்பஸ்ல நன்யாங் தொழில்நுட்பக் கழகம் வந்துச்சு, பெரும்பாலும் இன்ஜினியரிங். 1991ல தேசிய கல்விக் கழகமும் சேந்து என்டியூ ஆச்சு. அதனால உங்க கேள்விக்கு நேர் பதில்: இடம் நன்டாவோடது, பழைய நிர்வாகக் கட்டடம் இன்னிக்கும் அங்க சீனப் பாரம்பரிய மையமா நிக்குது, ஆனா சட்டப்படி நன்டா கரைஞ்சது என்யூஎஸ்ல. ரெண்டு யூனிவர்சிட்டியும் ஒரு வகையில ஒரே குடும்பத்து ஆளுங்க தான்.

ரெண்டாவதுங்கற பேச்சு அந்த இன்ஜினியரிங் காலத்துலேர்ந்து ஒட்டிட்டு வர்றது. டாக்டரும் வக்கீலும் ஒரு பக்கம், இன்ஜினியரும் வாத்தியாரும் ஒரு பக்கம்னு இருந்த நாள் அது. சட்டம் இன்னிக்கும் என்டியூல இல்ல, ஆனா மருத்துவம் 2013லேர்ந்து இருக்கு, கணினிக்கு 2024ல தனி காலேஜே வந்துடுச்சு. 2023லேர்ந்து என்டியூ தலைவரா இருக்கற ஹோ டெக் ஹுவா என்யூஎஸ்ல படிச்சு பின்னாடி அங்கயே ப்ரோவோஸ்ட்டா, அதாவது கல்விப் பொறுப்புல தலைமை அதிகாரியா இருந்தவர். ரெண்டுக்கும் வேந்தரும் ஒருத்தர் தான், அதிபர் தர்மன் சண்முகரத்னம். மேல இருக்கறவங்களே இங்கயும் அங்கயும் போய் வர்றப்ப வீட்டு ஹால்ல உக்காந்து ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போடறது எதுக்கு? பேரனை மனசார வாழ்த்தி அனுப்புங்க ஐயா.

*

கேள்வி: டீச்சர், நான் இப்ப என்எஸ்ல, தேசிய சேவையில இருக்கேன், இந்த வருஷம் ஓஆர்டி, சேவை முடியுது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் ரெண்டு இடத்துலயும் ஆஃபர் வந்துச்சு. பாடம் எனக்கு ரெண்டும் ஒரே மாதிரி தான் தெரியுது. வீடு பொங்கோல். ஹால்ல, அதாவது யூனிவர்சிட்டி விடுதியில தங்க அம்மா ஒத்துக்க மாட்டேங்கறாங்க. தினமும் போய் வர முடியுமா?
ஒரு தம்பி

பதில்: தம்பி, பாடம் ஒரே மாதிரி தெரிஞ்சா தூரம் தான் முடிவு பண்ணணும், அதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. பொங்கோல்லேர்ந்து என்டியூக்கு வடகிழக்கு பாதையில ஊட்ரம் பார்க், அங்கேர்ந்து கிழக்கு மேற்கு பாதையில பயனியர் இல்ல பூன் லே, அங்கேர்ந்து 179 பஸ்ஸோ 199ஓ. கதவுலேர்ந்து கதவு ஒன்றரை மணி நேரத்துக்கு மேலயே ஆகும். போக வர மூணு மணி நேரம், காலை எட்டரை மணி லேப்புக்கு ஆறரைக்கே கிளம்பணும். என்யூஎஸ்க்கு ஹார்பர்ஃபிரண்ட் வரைக்கும் நேரா வந்து வட்டப் பாதையில கென்ட் ரிட்ஜ், இதுவும் பக்கம் இல்ல, ஆனா ரயில்லயே வந்துடலாம், இறங்கினா கேம்பஸ் ஷட்டல் பஸ்.

ஜூரோங் வட்டார ரயில் வந்துடும்னு யாராவது சொல்வாங்க. அது என்டியூக்குள்ள போற பகுதி 2029ல தான் திறக்கறதா திட்டம். நீ இந்த ஆகஸ்ட்ல சேந்தா 2030ல முடிச்சுடுவ, கடைசி வருஷத்துக்கு தான் உனக்கு உதவும்.

மூணு மணி நேரம்ங்கறது வெறும் அலுப்பு மட்டும் இல்லப்பா. இன்ஜினியரிங்ல குரூப் ப்ராஜெக்ட் நிறைய, எல்லாரும் ராத்திரி ஒன்பது பத்துக்கு தான் உக்காருவாங்க. கடைசி ரயிலை பிடிக்கணும்னு நீ மட்டும் எந்திரிச்சு போனா நட்பும் குறையும், பாடமும் குறையும். சாயங்காலம் நடக்கற சிசிஏ, அதாவது பாடத்துக்கு வெளிய இருக்கற நடவடிக்கை எதுக்கும் நிக்க முடியாது. இதை எல்லாம் நாலு வருஷத்தால பெருக்கிப் பாரு.

அதனால என்டியூன்னா ஹால்ல தங்கிக்கோ. அங்க 20 ஹாலுக்கும் மேல இருக்கு, முதல் வருஷத்துக்கு கிடைக்க நல்ல வாய்ப்பு, ரெண்டாவது வருஷத்துலேர்ந்து ஹால் வேலை, விளையாட்டு, கமிட்டின்னு நீ எவ்வளவு ஈடுபட்டன்னு பாத்து தான் குடுப்பாங்க. என்யூஎஸ்ல ஹாலும் இருக்கு, டெம்புசு மாதிரி ரெசிடென்ஷியல் காலேஜும் இருக்கு, அதுல தங்கறதோட சேத்து அங்கயே சில பாடமும் எடுக்கணும், தனியா அப்ளை பண்ணணும், ஆஃபர் வந்த கையோட தேதிய பாத்து வச்சுக்கோ.

அம்மாவுக்கு நான் ஒண்ணு சொல்றேன். உங்க பையன் ரெண்டு வருஷமா கேம்ப்ல தூங்கி எந்திரிச்சு துணி துவைச்சு வளந்துட்டான்மா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவான், ஞாயிறு ராத்திரி சாம்பார் டப்பாவோட திரும்பிப் போவான். தினமும் ராத்திரி பதினொண்ணுக்கு வந்து படுத்து விடிய எந்திரிச்சு ஓடற பையனை விட வாரக் கடைசியில வர்ற பையன் உங்ககிட்ட நிறைய பேசுவான். ஹால் செலவு வருஷத்துக்கு சில ஆயிரம் வெள்ளி ஆகும், அது முடியாதுன்னா உங்களுக்கும் சரி, மேல எழுதின தெம்பனிஸ் அம்மாவுக்கும் சரி, யோசிக்கவே வேண்டாம், என்யூஎஸ் எடுத்துக்க சொல்லுங்க.

*

கேள்வி: என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் என்யூஎஸ் போறாங்க, நான் மட்டும் என்டியூ. தமிழ்ல பேச ஆளே இருக்காதுன்னு பயமா இருக்கு அக்கா.
ஈசூன் வாசகி

பதில்: என்யூஎஸ்ல தமிழ்ப் பேரவை இருக்கு, சங்கே முழங்கு நிகழ்ச்சி அவங்களோடது தான். என்டியூல தமிழ் இலக்கிய மன்றம் இருக்கு. ஏப்ரல் தமிழ்மொழி விழாவுல ரெண்டு பக்கத்து பிள்ளைங்களையும் மேடையில பாக்கலாம். சேந்த முதல் வாரமே போய் பேர் குடுத்துடும்மா, ஆசிரியராகப் போற தமிழ்ப் பிள்ளைங்க படிக்கற தேசிய கல்விக் கழகமே உன் கேம்பஸுக்குள்ள தான் இருக்கு.

*

கேள்வி: பாலிடெக்னிக் முடிச்சேன், ஜிபிஏ 3.3. என்யூஎஸ், என்டியூ ரெண்டும் குடுக்கல, எஸ்ஐடி (சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம்) குடுத்திருக்கு. சொந்தக்காரங்க முன்னாடி தலை காட்ட முடியல.
பெயர் வேண்டாம்

பதில்: தலையை நிமித்திக்கோப்பா. எஸ்ஐடியும் அரசாங்கத்தோட ஆறு தன்னாட்சிப் பல்கலைக்கழகத்துல ஒண்ணு, டிகிரிக்கு ஒரே மதிப்பு தான். பெரும்பாலான படிப்புல 8லேர்ந்து 12 மாசம் வரைக்கும் கம்பெனியில வேலை பாத்துக்கிட்டே படிக்கற திட்டம் இருக்கு, பாலியில படிச்சு வந்த உனக்கு அது பழகின வழி. டிப்ளமாவுல படிச்ச பாடத்துக்கு விலக்கு கிடைக்குமான்னு மறக்காம கேளு. ஒரு வருஷம் சும்மா இருந்து மறுபடி அந்த ரெண்டுக்கும் போடறேன்னு மட்டும் இறங்காதே, ஜிபிஏ மாறப் போறதில்ல.

*

கேள்வி: ரெண்டு ஆஃபரையும் இப்போதைக்கு ஏத்துக்கிட்டு ஆகஸ்ட்ல யோசிச்சு முடிவு பண்ணலாமா டீச்சர்?
ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: முடியாது. ரெண்டு மூணு ஆஃபர் வந்தவங்களுக்கு எல்லா யூனிவர்சிட்டிக்கும் பொதுவான ஒரு தளம் வச்சிருக்காங்க, அதுல ஒண்ணை மட்டும் தான் ஏத்துக்க முடியும், தேதி ஆஃபர் லெட்டர்லயே போட்டிருக்கும். அந்த தேதிய தவற விட்டா இடம் போயிடும். கடைசி நாள் ராத்திரி வரைக்கும் வச்சுக்காம ரெண்டு நாள் முன்னாடியே உள்ள போய், சிங்பாஸ் லாகின் வேலை செய்யுதான்னு பாத்து, ஏத்துக்கிட்டதுக்கான ஈமெயில் வந்துச்சான்னு பாத்துடுங்க. சேந்ததுக்கு அப்பறம் கோர்ஸ் பிடிக்கலன்னா அதே யூனிவர்சிட்டிக்குள்ள மாறறதுக்கு வழி இருக்கு, இடமும் உங்க மார்க்கும் பொறுத்து. இன்னொரு யூனிவர்சிட்டிக்கு போகணும்னா புதுசா அப்ளை பண்ணி வர்றது தான், படிச்ச பாடத்துல எதை ஏத்துக்கறதுன்னு அவங்க தான் சொல்வாங்க.